குளத்து நீர்மட்டத்திலிருந்து ஒரு நேர்கோடு: தரம் 9 வகுப்பறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் வன்னியில் ஒரு குளத்தடிக் கிராமம். அங்குள்ள பாடசாலையில் நான் கணிதம் கற்பிக்கும் தரம் 9 வகுப்பு, நேர்கோட்டு வரைபுப் பாடத்தைப் படித்து முடித்திருந்தது. ‘வை சமன் 2 எக்ஸ் சக 3’ என்று கரும்பலகையில் எழுதினால் போதும். பிள்ளைகள் அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்துவிடுவார்கள். படித்திறன், அதாவது எக்ஸ் ஒன்று கூடும்போது வை மாறும் அளவு, எவ்வளவு? 2. வெட்டுத்துண்டு, அதாவது கோடு வை அச்சை வெட்டும் இடம்? 3. யோசிக்காமலே பதில் வரும். அதே பிள்ளைகள் தாங்களே அளந்த எண்களுக்கு வரைபு கீறியபோது பாதிப்பேர் ஒவ்வொரு புள்ளியையும் அடுத்த புள்ளியோடு இணைத்து, முறிந்து முறிந்து போகும் ஒரு கோட்டைக் கொண்டு வந்தார்கள். சிலர் நேர்கோடு ஒன்றைப் போட்டுவிட்டு, அதில் விழாத புள்ளிகளை அழிறப்பரால் அழித்தார்கள்.

அந்த அழிறப்பரைப் பற்றித்தான் இந்த ஆய்வு. இவர்களுக்குக் கணிக்கத் தெரியும். படித்திறனையும் வெட்டுத்துண்டையும் அலகு இல்லாத வெறும் எண்களாகப் படித்திருந்தார்கள், சிக்கல் அங்கேதான் இருந்தது என்பது என் முடிவு. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

பாடநூலில் பயணம் ஒரே திசையில்தான் போகிறது. முதலில் சமன்பாடு, பிறகு அட்டவணை, பிறகு புள்ளிகள், கடைசியில் கோடு. புள்ளிகள் சமன்பாட்டிலிருந்தே பிறப்பதால் அவை கோட்டை விட்டு விலக வழியில்லை. ஒரு புள்ளி விலகினால் பிள்ளை பெருக்கலில் பிழை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அளந்து எடுத்த தரவில் பயணம் எதிர்த் திசையில் நடக்கிறது. புள்ளிகள்தான் முதலில் வருகின்றன. கோடு நாம் போடும் ஊகம். அப்படி ஊகத்துக்கு இடம் வைத்துக் கீறும் புள்ளிப் படத்தைத்தான் சிதறல் வரைபடம் என்கிறோம். அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 2010ஆம் ஆண்டின் பொதுக் கணிதத் தராதரங்களில் 8ஆம் வகுப்பிலேயே இரண்டும் ஒன்றாக வருகின்றன: சிதறல் வரைபடம் கீறு, கண்ணால் பார்த்து நேர்கோடு பொருத்து, அந்தக் கோட்டின் படித்திறன் இந்தத் தரவில் எதைக் குறிக்கிறது என்று சொல். எங்கள் பாடத்திட்டத்தில் நேர்கோட்டு வரைபுக்குக் கிடைக்கும் இடம் சிதறல் வரைபடத்துக்குக் கிடைப்பதில்லை. அதற்காக யாரும் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வரைபுத்தாளும் அளப்பதற்கு ஏதாவது ஒன்றும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அளப்பதற்கு வன்னியில் குளத்தைவிட நல்ல பொருள் எது? இங்கே நீர்மட்டம் எல்லோர் வாயிலும் இருக்கும் எண். இரணைமடுக் குளம் இன்றைக்கு எத்தனை அடி என்று தேநீர்க் கடையில் பேசுவார்கள். 36 அடிக்கு வந்தால் வான் பாயும், அதாவது நிரம்பி வழியும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஊர்க் குளம் அந்த அளவு பெரியதல்ல. ஆனால் தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசுக்குப் பக்கத்தில் அடியும் அங்குலமும் குறித்த ஓர் அளவுப் பலகை அதற்கும் இருக்கிறது. பலகையின் பூச்சியம், துருசால் தண்ணீர் வெளியே வரக்கூடிய கடைசி மட்டம். குளக்கட்டுக்கு அருகில் வீடு உள்ள பிள்ளைகள் ஆளுக்கொரு முறை பார்த்து, கிழமைக்கு ஒரு தடவை எழுதி வருவது என்று ஏற்பாடு. மாசி பிற்பகுதியில், காலபோகம் எனும் பெரும்போகத்தின் மழை ஓய்ந்த பிறகு தொடங்கினோம்.

படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழு அங்குலமாக்கித் தருகிறேன். தொடங்கிய நாளை 0 என்று வைத்தால், 0ஆம் கிழமை 108 அங்குலம், அதாவது 9 அடி. பிறகு வரிசையாக 106, 105, 114, 100, 101, 99. இது 6ஆம் கிழமை வரை. அதற்குப் பின் 93, 88, 82, 77. மொத்தம் 11 புள்ளிகள்.

வரைபு கீறும்போதே முதல் தகராறு வந்துவிட்டது. ஒரு குழு நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. அவர்கள் கோடு படுத்துக் கிடந்தது. இன்னொரு குழு 70இலிருந்து தொடங்கியது. அவர்கள் கோடு செங்குத்தாகச் சரிந்தது. ‘சேர், இவையின்ரை குளம் எங்கடை குளத்திலும் பார்க்க வேகமா வத்துது’ என்று ஒரு பிள்ளை சொல்ல வகுப்பே சிரித்தது. நான் இரண்டு குழுவையும் முதல் 4 கிழமைக்கு மட்டும் படித்திறன் கணிக்கச் சொன்னேன். இருவருக்கும் சய 2. கண்ணுக்குத் தெரியும் சரிவு அளவுத்திட்டத்தைப் பொறுத்து மாறும், படித்திறன் மாறாது. இதை நான் பல வருடங்கள் வாயால் சொல்லியிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரைபுத்தாளை வைத்தபோதுதான் ஏறியது.

புள்ளிகளை இணைக்கும் பழக்கத்தை நூலால் கையாண்டோம். கறுப்பு நூல் ஒன்றை வரைபுத்தாளின் மேல் இழுத்துப் பிடித்து, புள்ளிகளுக்கு நடுவால் போகும்படி நகர்த்திப் பார்ப்பது. மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு நூல் நின்ற இடத்தில் கோடு போடலாம். இது புதிய உத்தி எதுவுமில்லை. 1833இல் வானியலாளர் ஜோன் ஹெர்ஷல் இரட்டை விண்மீன்களின் சுற்றுப்பாதையைக் கணிக்கும்போது, அளவீடுகளைப் புள்ளிகளாகக் குறித்துவிட்டு, அவற்றின் ஊடாக இழுக்காமல் அவற்றுக்கு இடையே போகும் வளைகோட்டைக் கண்மதிப்பில் கையால் வரைந்தார். புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டைச் சூத்திரத்தால் கணிக்கும் இழிவு வர்க்க முறையைக் கணிதவியலாளர் லெஜாண்டர் 1805இலேயே வெளியிட்டுவிட்டார். சூத்திரம் இருந்தும் ஹெர்ஷல் கண்ணை நம்பினார். தரம் 9 பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

நூல் பிடித்ததும் இரண்டு புள்ளிகள் துருத்திக்கொண்டு நின்றன. 3ஆம் கிழமையின் 114, 5ஆம் கிழமையின் 101.

‘சேர், இந்தப் பொயின்ற் ரெண்டும் கோட்டிலை வரேல்லை, அழிக்கட்டோ?’

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அழிக்கலாமா கூடாதா என்று வரைபைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, குளத்தடிக்குத்தான் போக வேண்டும் என்றேன். 3ஆம் கிழமை பார்த்த பையனும் அதற்கு அடுத்த கிழமை பார்த்த பிள்ளையும் சேர்ந்து போனார்கள். பலகையில் 8 என்ற எழுத்து பாசி பிடித்து அழிந்து, 9 போலத் தெரிந்திருக்கிறது. 8 அடி 6 அங்குலத்தை 9 அடி 6 அங்குலம் என்று வாசித்திருக்கிறான். 114 உண்மையில் 102. சரி, அது வாசிப்புப் பிழை, திருத்தியாயிற்று. மற்றப் புள்ளி? 101 சரியான வாசிப்பு. அந்தக் கிழமை சித்திரைக்கு முந்திய இடி மழை ஒன்று கொட்டியது. வாய்க்கால்களால் வந்த தண்ணீரில் குளம் ஏறியிருந்தது. பழைய கோட்டின்படி 98 இருக்க வேண்டிய இடத்தில் 101 நின்றதற்கு அந்த 3 அங்குல மழைத் தண்ணீர்தான் காரணம்.

வரைபில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. ஒன்று பொய், மற்றது அந்த மாதத்தின் மிக முக்கியமான செய்தி. விலகிய புள்ளியை அழிக்கச் சொல்லும் பழக்கம் இரண்டாவதையும் கொன்றுவிடும். இந்த வகுப்பில் நடந்தவற்றுள் மற்ற ஆசிரியர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து அலகு. முதல் 4 கிழமைக்கு நூல் கொடுத்த சமன்பாடு, நீர்மட்டம் = 108 − 2 × கிழமை. இங்கே 2 என்றால் என்ன என்று கேட்டேன். ‘படித்திறன்’ என்றார்கள். அது பெயர். எத்தனை எது என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி, ‘கிழமைக்கு 2 அங்குலம், சேர்’ என்றாள். மற்றவர்கள் அதை ஏதோ விஞ்ஞான பாட விடை போலப் பார்த்தார்கள்.

அந்த விடைக்குப் பிறகு வழக்கமான பிழை ஒன்று புதிய வடிவில் தெரிந்தது. எப்போதும் சில பிள்ளைகள் படித்திறனைத் தலைகீழாகக் கணிப்பார்கள், எக்ஸ் வித்தியாசத்தை வை வித்தியாசத்தால் பிரித்துவிடுவார்கள். இந்த முறையும் மூன்று நாலு பேருக்குச் சய 0.5 வந்தது. வழக்கமாக அதில் சிவப்புப் பேனா விழும். அலகு போடச் சொன்னதும் அவர்களே வாசித்தார்கள்: ஓர் அங்குலத்துக்கு அரைக் கிழமை. அதாவது ஓர் அங்குலம் இறங்க மூன்றரை நாள் எடுக்கும். இதுவும் உண்மைதான், வேறொரு கேள்விக்கான விடை. கேட்ட கேள்விக்கு எது விடை என்பதை அலகே காட்டிக்கொடுத்தபோது, அவர்கள் தாமாகவே திருத்திக்கொண்டார்கள்.

கிழமைக்கு 2 அங்குலம் எங்கே போகிறது என்ற கேள்வியும் தொடர்ந்து வந்தது. துருசு பூட்டியிருக்கிறது, யாரும் இறைக்கவில்லை. வெயில் குடிக்கிறது என்றார்கள், சரிதான். உலர்வலயத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஆவியாகும் என்று எடுத்தால், கிழமைக்கு 35 மில்லிமீற்றர். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்பதால் 2 அங்குலம் 51 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். மிச்சத்தை நிலத்துக்குள் ஊறுவதன் கணக்கில் போடலாம். படித்திறன் நம்பக்கூடிய எண்தானா என்று வெளியிலிருந்து சோதிக்கவும் அலகு உதவுகிறது என்பது எனக்கே அப்போது நன்றாகப் பட்டது.

மழைக்குப் பிறகு? 5ஆம் கிழமை 101, 6ஆம் கிழமை 99. மறுபடியும் கிழமைக்கு 2. புதிய கோடு 111 − 2 × கிழமை. பழைய கோட்டுக்குச் சமாந்தரம், 3 அங்குலம் மேலே. சமாந்தரக் கோடுகளின் படித்திறன் சமம் என்று மனப்பாடம் செய்த வசனத்துக்கு இங்கே பொருள் கிடைத்தது: மழை தண்ணீரைக் கூட்டியது, வெயிலின் வேகத்தை மாற்றவில்லை. இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு கோடா என்று யாராவது கேட்டால், கேட்பது நியாயம்தான். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொன்னேன்: இந்தக் கோட்டை நம்புவதற்குக் காரணம் அந்த இரண்டு புள்ளியை விட, ஏற்கெனவே பார்த்த அதே படித்திறன்தான்.

6ஆம் கிழமை முடிவில், சித்திரைப் புத்தாண்டு கழிந்து, சிறுபோக நெல்லுக்குத் துருசு திறந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவை 93, 88, 82, 77. நூலை வைத்தால் கிழமைக்கு 5.5 அங்குலம்.

இங்கே நான் வேண்டுமென்றே ஒரு கைத்தொலைபேசிச் செயலியை உள்ளே விட்டேன். எல்லாப் புள்ளிகளையும் கொடுத்து ஒரே நேர்கோடு கேட்டோம். செயலி தயங்காமல் தந்தது: படித்திறன் சய 2.9, வெட்டுத்துண்டு 111. வாசிப்புப் பிழையான 114ஐத் திருத்தாமல் கொடுத்தால் சய 3.1 ஆகிறது, ஒரு புள்ளிக்கு அவ்வளவு பலம். எப்படியும், கிழமைக்கு 2.9 அங்குலம் என்ற வேகத்தில் இந்தக் குளம் ஒருபோதும் தொடர்ந்து இறங்கவே இல்லை. துருசு பூட்டியிருந்தபோது 2, திறந்தபோது 5.5. இரண்டுக்கும் நடுவில் ஒரு சராசரி, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறது. செயலி கீறிய கோட்டின் மேல் புள்ளிகளைப் பார்க்கச் சொன்னேன். தொடக்கத்திலும் முடிவிலும் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே, நடுவில் எல்லாம் மேலே. சிதறல் அங்கும் இங்குமாக இருந்தால் அது அளவீட்டின் தடுமாற்றம். இப்படி ஒழுங்காக ஒரு பக்கம் சாய்ந்தால் நேர்கோடு இந்தத் தரவுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கொம்ப் 1973இல் இதற்கென்றே நாலு சிறு தரவுத் தொகுதிகளை உருவாக்கினார். நாலுக்கும் சராசரி ஒன்று, பொருந்தும் கோடும் ஒன்று: 3 சக 0.5 எக்ஸ். வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி ஒன்று எல்லாவற்றையும் இழுத்துச் செல்கிறது. அதை நான் வகுப்பில் காட்டினேன். ஆனால் உண்மையைச் சொன்னால், தங்கள் குளத்தின் 2.9 அவர்களைப் பாதித்த அளவு அது பாதிக்கவில்லை.

துருசு திறந்த பிறகு வந்த கோட்டின் சமன்பாட்டை எழுதச் சொன்னபோதுதான் வெட்டுத்துண்டின் கதை திறந்தது. 6ஆம் கிழமை 99, அதற்குப் பின் கிழமைக்கு 5.5 குறைவு. விரித்தால், நீர்மட்டம் = 132 − 5.5 × கிழமை. வெட்டுத்துண்டு 132. பாடநூல் பழக்கப்படி ஒரு மாணவன் எழுந்து, ‘தொடக்கத்திலை குளத்திலை 132 அங்குலம் தண்ணி இருந்தது’ என்றான். 132 அங்குலம் என்றால் 11 அடி. அவன் பக்கத்தில் இருந்தவன் கேட்டான், ‘டேய், எங்கடை குளம் பத்தடியிலை வான் பாயுமே?’

இதைவிட நல்ல கேள்வியை நான் தயார் செய்திருக்க முடியாது. அந்த 132, துருசு ஆரம்பத்திலிருந்தே திறந்திருந்தால் 0ஆம் கிழமையில் இருந்திருக்க வேண்டிய மட்டம். நடக்காத ஒன்று. கோடு 6ஆம் கிழமையில்தான் பிறக்கிறது. அதற்கு முன் அதைப் பின்னால் நீட்டுவது தாளில் மட்டும் முடியும். முதல் கோட்டின் 108 மட்டும் நேரில் பார்த்த மட்டம். 111உம் 132உம் எழுதுவதற்கு வசதியான எண்கள். பிள்ளைகள் இப்படித் தரம் பிரித்து எழுதியதைப் பார்த்தபோது, வெட்டுத்துண்டு என்றால் ‘ஆரம்பப் பெறுமானம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொடுப்பதில் உள்ள ஆபத்து விளங்கியது.

அப்புறம் ஒருங்கமை சமன்பாடு. 111 − 2 × கிழமை, 132 − 5.5 × கிழமை. இரண்டும் சமன் என்றால் 3.5 × கிழமை = 21. கிழமை = 6. துருசு திறந்த நாள் வந்துவிட்டது! நாள் தெரிந்த கதைதான், ஆனாலும் ஊர்க்காரர் யாரையும் கேட்காமல் இரண்டு கோட்டின் வெட்டுப்புள்ளியிலிருந்து அதை எடுத்ததில் வகுப்புக்கு ஒரு பெருமை. ஒருங்கமை சமன்பாட்டுக்கு இத்தனை ஆர்வமான முகங்களை நான் முன்பு கண்டதில்லை.

கடைசிக் கேள்வி ஊரின் கேள்வி. தண்ணீர் எப்போது முடியும்? 132ஐ 5.5ஆல் பிரித்தால் 24. அதாவது 24ஆம் கிழமை, துருசு திறந்து 18 கிழமை. மூன்றரை மாத நெல்லுக்குத் தாராளமாகக் காணும் என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் அதை வீட்டில் காட்டிவிட்டு வந்தாள். ‘அம்மப்பா சிரிக்கிறார் சேர். மேலடித் தண்ணியும் கீழடித் தண்ணியும் ஒண்டில்லையாம். கீழை போகப்போக வேகமா இறங்குமாம்.’

அந்தக் கமக்காரர் சொன்னது, இந்தக் கோட்டின் எல்லை எங்கே என்பதற்கான முழு விளக்கம். ஆவியாதல் நீர்ப்பரப்பிலிருந்து ஒரு தடிப்பை உரிக்கிறது. பரப்புப் பெரிதோ சிறிதோ, இறங்கும் அங்குலம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே முதல் பகுதி நேர்கோடாக வந்தது. துருசு எடுப்பது கனவளவு. கிழமைக்கு ஒரே அளவு தண்ணீர் போனாலும், குளம் கீழே போகப்போகப் பரப்புச் சுருங்குவதால் அதே தண்ணீருக்கு அதிக அங்குலம் இறங்க வேண்டும். மேல் மட்டத்தில் நாலு கிழமையைப் பார்த்து நேர்கோடு என்று நினைத்தது ஒரு வளைகோட்டின் சிறு துண்டு.

தொடர்ந்து அளந்தோம். 11ஆம் கிழமைக்குக் கோடு சொன்னது 71.5, பலகை காட்டியது 71. 12ஆம் கிழமைக்குக் கோடு 66, பலகை 64. 13ஆம் கிழமைக்குக் கோடு 60.5, பலகை 56. மூன்று புள்ளிகளும் கீழ்ப்பக்கமே, இடைவெளி ஒவ்வொரு கிழமையும் கூடியது. அதற்கு அடுத்த கிழமையிலிருந்து கமக்காரர் அமைப்பு முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கியது. அதனால் துருசு திறந்து பூட்டித் திறந்து, எங்கள் தரவு அதற்குமேல் ஒரு கோட்டுக்குள்ளும் அடங்கவில்லை. அங்கே நிறுத்தினோம்.

விளைவு எப்படி? இந்த வேலைக்குப் பிறகு கொடுத்த பயிற்சியில், அளந்த தரவுக்குப் புள்ளிக்குப் புள்ளி முறித்துக் கீறுவது பெரும்பாலும் நின்றது. விலகிய புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடும் பழக்கம் வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கைகூடாத பகுதி வேறு. பரீட்சைத் தாளில் எக்ஸும் வையும் மட்டும் வந்தவுடன் பிள்ளைகள் பழையபடி அலகைக் கழற்றிவிட்டு 2 என்றும் 3 என்றும் எழுதுகிறார்கள். தாளும் அதைத்தானே கேட்கிறது! புள்ளி கிடைத்தும் விடுகிறது. அதனால் தவணைப் பரீட்சையில் என் கையில் உள்ள பகுதியில் ஒரு கேள்வி சேர்த்தேன்: கிணற்றில் மோட்டர் இறைக்கும்போது எடுத்த ஏழு அளவுகள், அதில் ஒன்று விலகியது. படித்திறனை அலகோடு தருக. விலகிய புள்ளியை அழிக்க முன் யாரிடம் என்ன கேட்பீர்கள் என்று ஒரு வரியில் எழுதுக. முதல் பகுதியை நன்றாகச் செய்தவர்களில் சிலர் இரண்டாவதை வெறுமையாக விட்டிருந்தார்கள். கணிதத்தில் மிகவும் பின்தங்கிய ஒரு பையன் ‘மோட்டர் இடையிலை நிண்டதோ எண்டு அப்பாட்டைக் கேப்பன்’ என்று எழுதி அந்தப் பகுதிக்கு முழுப் புள்ளி வாங்கினான்.